மூழ்கிய கப்பல் மிதக்கிறது!

1942, மே மாதம் முதல் வாரம். ஹிரோஷிமாவுக்குத் தெற்கே ஹஷிராஜிமா என்றொரு குட்டித் தீவு. அதை ஒட்டி நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது யமாடோ. அன்றைய தேதிக்கு உலகத்திலேயே பெரிய போர்க்கப்பல். உள்ளே ஜப்பானியக் கடற்படையின் பெரிய தலைகள் ஆஜர். அட்மிரல் யமமோட்டோவும் இருக்கிறார். நடுவே மேஜை. மேஜைமேல் பசிபிக் பெருங்கடலின் வரைபடம். வரைபடத்தின்மேல் கப்பல்களைக் குறிக்கும் காய்கள்.

என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? தாயம் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே தாயம்தான். அடுத்த மாதம் அமெரிக்கர்கள் வசமிருக்கும் மிட்வே தீவைப் பிடித்தாக வேண்டும். திட்டம் தயார். அது தேறுமா, தேறாதா என்று மேஜைமேல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஜப்பான் பக்கம் ஒரு கோஷ்டி, அமெரிக்கா பக்கம் ஒரு கோஷ்டி. இரண்டும் மோதினால் யாருக்கு எவ்வளவு சேதம்? அதைப் பகடை சொல்லும்.

ஆட்டத்தின் நடுவே மிட்வேயிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் ஜப்பானியக் கப்பல்கள்மீது குண்டு போடுகின்றன. ஒகுமியா என்ற இளம் அதிகாரி பகடையை உருட்டுகிறார். விதிப்புத்தகத்தைப் பார்க்கிறார். தீர்ப்பு: ஒன்பது குண்டுகள் இலக்கைத் தொட்டுவிட்டன. அகாகி, காகா என்ற இரண்டு விமானம் தாங்கிக் கப்பல்களும் அவுட்.

அறையில் கனத்த அமைதி. தலைமை நடுவர், யமமோட்டோவின் வலதுகையான ரியர் அட்மிரல் மடோமே உகாகி. அவர் குறுக்கே வந்தார். ஒன்பதெல்லாம் இல்லை, மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தீர்ந்தது. அகாகிக்கு லேசான அடி, காகா மட்டும் மூழ்கியது. அதோடு விட்டாரா? ஆட்டத்தின் அடுத்த கட்டம் ஃபிஜி, நியூ கலிடோனியா பக்கம் நகர்ந்தபோது, மூழ்கிய காகா ஈரம்கூடக் காயாமல் மறுபடி மிதந்து வந்து நின்றது!

இதைச் சொல்வது ஜப்பானின் எதிரிகள் அல்ல. பகடை உருட்டிய அதே ஒகுமியாவும், ஃபுசிடா என்ற விமானப்படைத் தளபதியும் போர் முடிந்தபிறகு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இருக்கிறது.

சரி, இத்தனை பெரிய மனிதர்கள் எதற்குத் தாயம் உருட்டினார்கள்? அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பிரஷ்யா. இன்றைய ஜெர்மனியின் முன்னோடி ராஜ்ஜியம். அங்கே ரெய்ஸ்விட்ஸ் என்று ஒரு பிரபு. சதுரங்கம் மாதிரி, ஆனால் நிஜ யுத்தத்துக்கு இன்னும் நெருக்கமாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து 1812-ல் மன்னருக்குக் காட்டினார். மலை, ஆறு, சாலை என்று மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய ஓடுகள், அவற்றின்மேல் படைகள். மன்னருக்குப் பரம சந்தோஷம். ஆனால் அது அரண்மனை விளையாட்டாகவே நின்றுவிட்டது. அதை ராணுவத்துக்குள் கொண்டுபோனவர் அவருடைய மகன், பீரங்கிப் படை அதிகாரி. ஓடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு நிஜமான வரைபடத்தை விரித்தார். 1824-ல் தலைமைத் தளபதி மியூஃப்ளிங்கிடம் ஆடிக் காட்டினார். வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்த தளபதி, ஆட்டம் நகர நகர உற்சாகமாகிவிட்டார். இது விளையாட்டே இல்லை, யுத்தப் பயிற்சி, மொத்த ராணுவமும் இதை ஆடவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

அப்படி என்ன விசேஷம் இதில்?

சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் மொத்தமும் உங்கள் கண்முன் இருக்கின்றன. நிஜ யுத்தத்தில் அப்படியா? மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பவனை உங்களுக்குத் தெரியாது. ஒரு உத்தரவு போட்டால், குதிரைக்காரன் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நிலைமையே மாறியிருக்கும். சின்ன ரெய்ஸ்விட்ஸ் இது எல்லாவற்றையும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். இரண்டு தரப்பும் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் தரவேண்டும். யார் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அதிர்ஷ்டத்துக்குப் பகடை. ஆக, ஆட்டத்தில் மொத்த உண்மையும் தெரிந்த ஒரே ஆசாமி நடுவர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இங்கேதான் இருக்கிறது.

1870-71 போரில் பிரஷ்யா பிரான்ஸைப் புரட்டி எடுத்ததும் உலகம் முழித்துக்கொண்டது. ஆளாளுக்கு இந்த விளையாட்டைக் காப்பி அடித்தார்கள். ஜப்பானும்தான்.

மறுபடி மிட்வே. ஜூன் 4, 1942. நிஜ யுத்தம்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். பகடை சொன்னது அப்படியே பலிக்கவில்லை. மிட்வே தீவிலிருந்து பறந்து வந்த அமெரிக்க விமானங்களால் ஜப்பானின் விமானம் தாங்கிகள்மீது ஒரு குண்டைக்கூட இலக்கில் போட முடியவில்லை. பக்கவாட்டில் காத்திருந்த அமெரிக்க விமானம் தாங்கிகளிலிருந்து வந்தவைதான் வேலையை முடித்தன. காலை பத்தரை மணி வாக்கில், சில நிமிட இடைவெளியில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் பற்றி எரிந்தன. மாலையில் நான்காவதாக ஹிர்யு. ஜப்பான் தரப்பில் சுமார் 3,000 பேர் இறந்தார்கள். காகாவில் மட்டும் 800 பேருக்குமேல்.

விளையாட்டு மாதிரிகள் ஜோசியம் சொல்வதில்லை. எங்கே ஓட்டை இருக்கிறது என்று மட்டும் காட்டும். தீவைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது கப்பல்கள் அடிவாங்கும் என்று காட்டியது. அந்தப் பக்கத்தைத்தான் உகாகி கிழித்துப் போட்டார்.

உகாகி முட்டாள் இல்லை. அதே கூட்டத்தில், பக்கவாட்டில் எதிரிக் கப்பல்கள் திடீரென்று முளைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவரும் அவர்தான். நம்மை எவன் தொடமுடியும் என்கிற ரீதியில் பதில் வந்தது. மாதக்கணக்கில் ஜெயித்துக்கொண்டே இருந்த ஒரு கடற்படை வேறு எப்படிப் பதில் சொல்லும்?

அந்த மேஜையில் இன்னொரு காய் வைக்கப்படவே இல்லை. நம் ரகசியம் ஏற்கெனவே எதிரிக்குத் தெரிந்திருந்தால்? இந்தக் கேள்விக்கான காய். பேர்ல் ஹார்பரில் ஒரு நிலவறைக்குள் உட்கார்ந்து, ஜோசப் ரோச்ஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரியின் குழு ஜப்பானின் சங்கேதச் செய்திகளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. ஜப்பானியர்கள் 'ஏஎஃப்' என்று குறிப்பிடுவது மிட்வேதானா? சந்தேகம் தீர்க்க, மிட்வேயில் குடிநீர் இயந்திரம் பழுது என்று சங்கேதம் இல்லாமலேயே ஒரு பொய்ச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். ஜப்பான் கடற்படை அதைக் கர்மசிரத்தையாக ஒட்டுக்கேட்டு, 'ஏஎஃப்-ல் தண்ணீர்ப் பஞ்சம்' என்று தன் தலைமையகத்துக்குத் தகவல் சொன்னது. தீர்ந்தது சந்தேகம்.

யமாடோவில் எதிரி வெளியே மட்டும்தான் இருந்தான். வீட்டுக்குள்ளேயே அவன் காது இருக்கக்கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர்களும் உண்டு. அதே 1942. இடம், இங்கிலாந்தின் லிவர்பூல்.

அட்லாண்டிக் கடலில் பிரிட்டனுக்குச் சாப்பாடும் எண்ணெயும் கொண்டுவரும் சரக்குக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. கப்பல்கள் கூட்டமாக, கான்வாயாகத்தான் வரும். சுற்றிலும் காவல் கப்பல்கள். இருந்தும் ராத்திரியில் டார்ப்பிடோ வந்து தாக்கும். எங்கிருந்து வருகிறது?

காச நோயால் கடற்படையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸை மறுபடி கூப்பிட்டு, கண்டுபிடி என்றார்கள். அவருக்குக் கிடைத்த பட்டாளம்? கடற்படையின் பெண்கள் பிரிவிலிருந்து சில இளம் பெண்கள். நிறையப் பேருக்கு வயது இருபதை ஒட்டி. ஆயுதம்? ஒரு பெரிய ஹால், தரை விரிப்பு, சாக்பீஸ்.

தரைதான் கடல். அதில் கட்டங்கள். காவல் கப்பல் தளபதிகளாக நடிப்பவர்கள் கித்தான் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். சின்ன ஓட்டை வழியாக மட்டும்தான் பார்க்கலாம். காவல் கப்பல்களின் பாதையை வெள்ளைச் சாக்பீஸில் வரைவார்கள். நீர்மூழ்கியின் பாதை பச்சை. பழுப்புத் தரையில், ஓட்டை வழியாகச் சாய்ந்து பார்க்கும்போது பச்சை தெரியாது. எவ்வளவு அழகான ஐடியா பாருங்கள்!

ஏற்கெனவே நிஜத்தில் நடந்த தாக்குதல்களை அந்தத் தரையில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். நீர்மூழ்கி வெளியே நின்று சுடுகிறது என்பதுதான் அதுவரை நிபுணர்கள் கருத்து. எனவே டார்ப்பிடோ வெடித்ததும் காவல் கப்பல்கள் அலறியடித்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடும். ஆனால் சாக்பீஸ் கணக்கு உதைத்தது. அத்தனை தூரத்திலிருந்து அந்தக் கப்பலை அடிக்க வழியே இல்லை. அப்படியானால் ஒரே ஒரு சாத்தியம்தான் பாக்கி.

எதிரி உள்ளே இருக்கிறான்.

ராத்திரியில் கான்வாயின் பின்பக்கமாக, நீருக்கு மேலேயே மிதந்து வந்து, கப்பல் வரிசைகளுக்கு நடுவே நுழைந்துவிடுகிறது நீர்மூழ்கி. பக்கத்திலிருந்து சுடுகிறது. பிறகு முங்கி, கான்வாய் தலைக்குமேல் கடந்து போகும்வரை சும்மா கிடக்கிறது. காவலர்கள் வெளியே தேடிக்கொண்டிருக்கிறார்கள்!

தளபதி பெர்ஸி நோபல் இதை நம்பத் தயாராக இல்லாமல்தான் ஹாலுக்கு வந்தார். இளம் பெண்கள் சாக்பீஸோடு ஆடிக் காட்டினார்கள். பார்த்தார். மனத்தை மாற்றிக்கொண்டார். அன்று அங்கே நடந்த மிகப்பெரிய விஷயம் அதுதான். ஒன்பதை மூன்றாக்க அவருக்கும் அதிகாரம் இருந்தது. ஆக்கவில்லை.

புதிய வியூகம் பிறந்தது. வெளியே ஓடாதே, கான்வாயைச் சுற்றியும் பின்னாலும் வளைத்துத் தேடு. பெயர், ராஸ்பெர்ரி. உதட்டைக் குவித்து 'ப்ர்ர்' என்று பழிப்புக் காட்டுவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். ஹிட்லருக்குக் காட்டிய பழிப்பு. பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண். போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்தார்கள். ராடார், விமானங்கள், சங்கேத உடைப்பு எல்லாம் சேர்ந்துதான் அட்லாண்டிக்கில் ஜெயித்தார்கள். அந்தப் பட்டியலில் சாக்பீஸுக்கும் ஓர் இடம் உண்டு.

கான்வாய்க்குள் நுழைந்தவன் அந்நியன். உள்ளேயே பிறந்து வளர்ந்தவனே எதிரியானால்? நம் ஊரில் எட்டப்பன் என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். அமெரிக்கக் கடற்படை அப்படிப்பட்ட ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்து வைத்திருந்தது.

ஜான் வாக்கர். தகவல் தொடர்புப் பிரிவு அதிகாரி. கடன் தொல்லை. 1967 இறுதியில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்துக்குள் நேராக நடந்துபோனார். என்னிடம் ரகசியம் இருக்கிறது, என்ன விலை தருவீர்கள்? சங்கேத இயந்திரங்களின் சாவிப் பட்டியல்களை மாதாமாதம் விற்க ஆரம்பித்தார். ஓய்வுபெற்றபிறகும் விடவில்லை. நண்பர், அண்ணன், கடைசியில் பெற்ற மகன் என்று குடும்பத் தொழிலாகவே ஆக்கிவிட்டார். 17 வருடங்களுக்கு மேல் ஓடிய வியாபாரம் இது. 1985 மே மாதம் பிடிபட்டார். அதுவும் எப்படி? விவாகரத்தான மனைவி எஃப்பிஐக்குத் தகவல் சொன்னதால். கடற்படை கண்டுபிடிக்கவில்லை.

இதில் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. 1972-ல் அவருடைய மேலதிகாரி எழுதிய மதிப்பீட்டில், வாக்கர் அபாரமான விசுவாசி என்று புகழாரம் சூட்டியிருக்கிறார். நல்ல வேலைக்காரர், யாரும் குறை சொல்லவில்லை. குறை இல்லாததால் கண்காணிப்பு இல்லை. கண்காணிப்பு இல்லாததால் குறையே தெரியவில்லை.

2000-களில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, உள்ளிருந்தே நடக்கும் துரோகத்துக்குக் கம்ப்யூட்டரில் மாதிரிகள் உருவாக்கினார்கள். நிஜ வழக்குகளை எடுத்துக்கொண்டு, எது எதைத் தூண்டுகிறது என்று வளையம் வளையமாகப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு வளையத்துக்கு நம்பிக்கைப் பொறி என்று பெயர். அதிகாரி ஊழியரை நம்புகிறார். எனவே சோதனையைக் குறைக்கிறார். சோதனை குறைந்தால் பிடிபடும் தப்புகளும் குறையும். பார்த்தாயா, ஒரு தப்பும் நடக்கவில்லை என்று நம்பிக்கை இன்னும் கூடும். சோதனை இன்னும் குறையும். எலி உள்ளே, பொறிக்கு வெளியே காவல்!

இந்த மாதிரி காட்டும் பலவீனம் துரோகியிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவரை நம்பிய நல்ல மனிதரிடம் இருக்கிறது.

இன்னும் ஒருபடி மேலே போனவர்கள் உண்டு. 1982-ல் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் என்ற மூன்று அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பு, பைசாண்டியத் தளபதிகளின் பிரச்னை. அவர்கள் கவலை நிஜத்தில் விமானத்தை இயக்கும் கம்ப்யூட்டர்களைப் பற்றியது. பல கம்ப்யூட்டர்களில் ஒன்று பழுதாகி, ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொன்னால் என்ன ஆகும்? அதைப் புரியவைக்க யுத்தக் கதை சொன்னார்கள்.

ஒரு கோட்டையைச் சுற்றி மூன்று தளபதிகள். பேச்செல்லாம் தூதர்கள் மூலம்தான். தலைமைத் தளபதி, தாக்கு அல்லது பின்வாங்கு என்று மற்ற இருவருக்கும் உத்தரவு அனுப்புகிறார். நீங்கள் அந்த இருவரில் ஒருவர். உங்களுக்கு வந்த உத்தரவு 'தாக்கு'. சரிபார்க்க சக தளபதியைக் கேட்கிறீர்கள். எனக்குப் 'பின்வாங்கு' என்றல்லவா வந்தது என்கிறார். யார் பொய்? சக தளபதி துரோகியாக இருக்கலாம். அல்லது தலைமைத் தளபதியே இருவருக்கும் வேறு வேறு உத்தரவு அனுப்பியிருக்கலாம். உங்கள் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எத்தனை யோசித்தாலும் பிரித்தறிய முடியாது.

வாய்வார்த்தைச் செய்திகளை மட்டும் வைத்து ஒரு துரோகியைச் சமாளிக்க மொத்தம் நாலு பேராவது வேண்டும், இரண்டு துரோகிகள் என்றால் ஏழு பேர் என்று கணக்கில் நிரூபித்தார்கள். யாரும் திருத்த முடியாதபடி கையெழுத்திட்ட செய்திகள் இருந்தால் பிரச்னை வெகுவாக எளிதாகிவிடும் என்றும் காட்டினார்கள். வாய்மொழியைவிடக் கையெழுத்து மேல் என்று ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அது கணிதத்திலும் உண்மை.

எனக்கு இந்தக் கணக்கில் ரொம்பப் பிடித்தது அதன் துணிச்சல். உத்தரவு போடுகிறவரே தப்பாக இருக்கலாம் என்பதை அது முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. எந்த ராணுவமாவது தன் யுத்த விளையாட்டில் அப்படி ஒரு காயைச் சுலபமாக வைக்குமா?

2002-ல் நடந்ததைப் பாருங்கள். மிலெனியம் சேலஞ்ச் என்ற பெயரில் அமெரிக்கா ஒரு பிரம்மாண்டமான யுத்த ஒத்திகை நடத்தியது. செலவு 25 கோடி டாலர். 13,500 பேர். பாதி நிஜப் படைகள், பாதி கம்ப்யூட்டர். எதிரியாக நடிக்க, ஓய்வுபெற்ற மரைன் லெஃப்டினென்ட் ஜெனரல் பால் வான் ரைப்பரைக் கூப்பிட்டார்கள். மனிதர் ரேடியோவையே தொடவில்லை. மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பிச் செய்தி சொன்னார். ஒட்டுக்கேட்க ஒன்றும் இல்லை. பிறகு ஏவுகணைகளையும் சின்னப் படகுகளையும் ஒரே சமயத்தில் ஏவிவிட்டார். விமானம் தாங்கி உட்பட 16 அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கம்ப்யூட்டரில் காலி. நிஜமாக இருந்திருந்தால் பல்லாயிரம் உயிர்கள்.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மூழ்கிய கப்பல்கள் மிதந்தன! ஒத்திகை தொடரவேண்டும், மற்ற விஷயங்களையும் சோதிக்கவேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் நியாயம்கூட உண்டு. 13,500 பேரை வரவழைத்துவிட்டு முதல் வாரமே மூட்டை கட்டச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் எதிரியின் கையைக் கட்ட ஆரம்பித்தார்கள். ராடாரை இயக்கு, இந்த விமானத்தைச் சுடாதே. வான் ரைப்பர் வெறுத்துப்போய்த் தளபதி வேஷத்தைக் கலைத்துவிட்டு வெளியேறினார். இறுதியில் யார் ஜெயித்தது? சொல்லவும் வேண்டுமா?

யமாடோவுக்கும் இதற்கும் நடுவே 60 வருடங்கள். பகடை போய் சூப்பர் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நடுவரின் நாற்காலி மட்டும் அதே நாற்காலி.

உங்கள் ஆபீஸில் அடுத்த வருட விற்பனைக் கணக்கை எக்ஸெல்லில் போட்டுக்கொண்டு போகிறீர்கள். நஷ்டம் வரும் என்கிறது. பெரியவர் பார்க்கிறார். இந்த 9 சதவிகிதத்தைக் கொஞ்சம் மாற்றி, 3 என்று போட்டுப் பாருங்களேன் என்கிறார். கெட்டவரா அவர்? இல்லவே இல்லை. கம்பெனிமேல் உங்களைவிடப் பாசம் உள்ளவர். உகாகியும் துரோகி இல்லை. போர் முடிந்த நாளில், சக்கரவர்த்தியின் சரணடைவு அறிவிப்பு வந்தபிறகும் தற்கொலைத் தாக்குதலுக்கு விமானம் ஏறிப்போய்த் திரும்பி வராதவர். அப்பேர்ப்பட்ட விசுவாசி. வாக்கரைப் பிடிக்க போலீஸ் உண்டு, சோதனை உண்டு, மனைவியின் ஒரு போன்கால் உண்டு. விசுவாசியின் கையிலிருக்கும் அழி ரப்பரைப் பிடிக்க என்ன உண்டு? பெர்ஸி நோபல் மாதிரி, சாக்பீஸ் சொன்னதைக் கேட்டுத் தன் மனத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான் உண்டு.

2019 அக்டோபரில், ஒரு ஆராய்ச்சிக் கப்பல் ஆளில்லா இயந்திரத்தை இறக்கி பசிபிக்கின் அடியில் தேடியது. ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கும்மிருட்டில் ஒரு பெரிய இரும்பு உடல் கிடந்தது.

காகா. இந்தமுறை மிதக்கவில்லை.